ஓட்டாத 49 கிலோமீட்டர்

நல்ல காரியத்துக்காக சைக்கிள் மிதிக்க அந்தமானுக்கு வருகிறவர்கள், நடுவழியில் இறங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பயணத்தின் முக்கியமான பகுதியே அதுதான்.

விடியும் முன்பே ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. முன்னால் அரசு பஸ், பின்னால் சாமான் லாரி, அதற்கும் பின்னால் பாராடாங் குகைகளைப் பார்க்கக் கிளம்பிய சுற்றுலாப் பயணிகளின் வேன்கள். டீக்கடைகளில் கூட்டம் நெரிகிறது. நேரம் வந்ததும் தடுப்புக் கம்பம் உயர்கிறது. போலீஸ் காவலுடன் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் நுழைகின்றன. இதற்கு ‘கான்வாய்’ என்று பெயர். நாளில் சில முறைதான் உண்டு. தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வரிசையில் சைக்கிளுக்கு இடமில்லை. தலைநகரிலிருந்து சுமார் 40 கி.மீ. மேடும் பள்ளமுமாக மிதித்து வந்தவரும் இங்கே இறங்கியாக வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை லாரியில் படுக்க வைத்து, கயிற்றால் கட்டிவிட்டு, வேனில் போய் உட்கார வேண்டும். அடுத்த 49 கி.மீ. காட்டை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். எங்கும் நிற்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. வழியில் யார் எதிர்ப்பட்டாலும் எதையும் கொடுக்கக் கூடாது.

கொடுப்பதற்காகவே கிளம்பி வந்தவர்களுக்கு இந்தக் கடைசி விதி விநோதமாகத்தான் இருக்கும்.

நாள் கணக்கில் சைக்கிள் ஓட்டிப் பணம் திரட்டுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1970, 80களில் ஊர் மைதானத்தில் மூங்கில் நட்டு, டியூப்லைட் கட்டி, ஐந்து நாள், ஏழு நாள் என்று சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றி வந்தவர்களைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். ஒலிபெருக்கியில் பாட்டு அலறும். ஓட்டுகிறவரின் சட்டையில் ரூபாய் நோட்டுகளை ஊசியால் குத்திவிட்டுப் போவார்கள். அது வயிற்றுப்பாட்டுக்காக நடந்த வித்தை. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: ஒருவர் தன் உடம்பை வருத்திக்கொள்வதைப் பார்த்து, இன்னொருவர் சட்டைப் பையில் கை விடுகிறார்.

இதையே அமெரிக்கர்கள் ஒரு முறையாக்கினார்கள். 1980இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 36 பேர் சேர்ந்து சைக்கிள் ஓட்டினார்கள். அந்தப் பயணம் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய நிதி திரட்டலாக வளர்ந்தது. 1994இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஏழு நாள் பயணம் தொடங்கியது. ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் நண்பர்கள், உறவினர்கள், அலுவலக சகாக்களிடம் பணம் கேட்கிறார். சிலர் மொத்தமாகத் தருவார்கள். சிலர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருவார்கள். இந்தியாவில் 2008இல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் பயணம், மலைச் சாலைகளில் குழுவாகப் பல நாள் ஓட்டும் பழக்கத்தைத் தெற்கே பரப்பியது. இன்று பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் சைக்கிள் குழுக்கள் இருக்கின்றன. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்காக, ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்காக ஓட்டுகிறோம் என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். புதிய சாலைகளைத் தேடுகிறார்கள்.

அப்படித் தேடுகிறவர்களுக்கு அந்தமான் நெடுஞ்சாலை ஒரு பெரிய கவர்ச்சி. தெற்கே தலைநகரில் தொடங்கி வடக்கே திக்லிபூர் வரை சுமார் 330 கி.மீ. தெற்கு அந்தமான், பாராடாங், நடு அந்தமான், வட அந்தமான் என்று நான்கு தீவுகளைக் கோத்துச் செல்லும் ஒற்றைச் சாலை. தேசிய நெடுஞ்சாலை எண் 4. நாலைந்து நாளில் முடித்துவிடலாம். இரண்டு பக்கமும் காடு. பலகைக்கும் அலங்காரச் சாமான்களுக்கும் பெயர்போன படாக் மரம் இங்கேதான் வளர்கிறது. அது நம் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. காடு விலகும் இடங்களில் வயலும் பாக்குத் தோப்பும். தோப்புக்கு அப்பால் கடல்.

புறப்படும் இடத்தில் தமிழர்களுக்கு அந்நியமாக எதுவும் தெரியாது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனால் கடைத்தெருவில் தமிழ் கேட்பது மாறவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்த யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். தாய்மொழிக் கணக்கில் வங்காளி, இந்திக்கு அடுத்தபடியாகத் தமிழ் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. கட்டட வேலை, சாலை வேலை, வியாபாரம் என்று கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். வெற்றிமலை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம்.

புறப்படும் நேரம்தான் முக்கியம். கடிகாரம் இந்தியாவுடையது, சூரியன் பர்மா பக்கத்துடையது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. எனவே விடிகாலையில் கிளம்பி, பிற்பகலுக்குள் தங்குமிடம் சேர வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் இடம் இது. இரண்டு பருவமழையும் உண்டு. மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் ஓட்டுவதற்கு ஏற்ற காலம். அப்போதும் வியர்வை உலராது. சாத்தம் துறையில் சைக்கிளோடு படகில் ஏறி எதிர்க்கரையான பாம்பூ ஃப்ளாட்டில் இறங்கினால் நகரத்து நெரிசலிலிருந்து தப்பலாம். சாத்தமில் இருப்பது 1883இல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை. எதிர்க்கரைக்கு அப்பாலுள்ள கிராமங்களில், 1921 மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பிறகு கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட மலபார் முஸ்லிம்களின் வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள். ஃபெராகஞ்ச் தாண்டியதும் வீடுகள் குறைந்து, மேடுகள் கூடுகின்றன.

தலைநகரை விட்டால் நல்ல சைக்கிள் கடை கிடைப்பது கஷ்டம். பிரேக் கட்டை, செயின், டயர், டியூப் எல்லாவற்றையும் குழுவே சுமந்து வர வேண்டும். கூடவே ஒரு வண்டி. அதில் தண்ணீர், உப்பு - சர்க்கரைப் பொட்டலம், முதலுதவிப் பெட்டி, ரிப்பேர் தெரிந்த ஒருவர். சென்னையிலிருந்து கடலடியில் இழுத்த கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு ஊர்களில் இணையம் மேம்பட்டது. ஆனால் காட்டுக்குள் போன் எடுக்காத இடங்கள் உண்டு. எனவே குழு பழைய முறையில்தான் இயங்க வேண்டும். வழி தெரிந்தவர் முன்னால், பொறுமைசாலி கடைசியில். கடைசியில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாகப் போகிறவரின் வேகம். முதல் நாளே இதை எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் நான்காம் நாள் வரை சண்டை வராது.

ஜிர்காடாங் வந்ததும் இந்த ஒழுங்குக்கு வேறொரு சோதனை.

தடுப்புக்கு அப்பால் இருப்பது ஜாரவா பழங்குடியினரின் காடு. காப்பகத்தின் பரப்பு 1,028 ச.கி.மீ. அதில் வாழ்வோர் 2011 கணக்கெடுப்பில் வெறும் 380 பேர். காட்டுப் பன்றி, மீன், நண்டு, தேன், கிழங்கு என்று காடும் கடலும் தருவதைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். நெடுஞ்சாலை போட்டபோது அவர்கள் அம்பு எய்து எதிர்த்தார்கள். போலீஸ் காவலில்தான் வேலை நடந்தது. 1997 அக்டோபர் வரை அவர்கள் வெளியாரோடு ஒட்டவே இல்லை. சாலை என்னவோ அதற்குள் போடப்பட்டு விட்டது.

2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட், காப்பகத்தின் ஊடாகச் செல்லும் பகுதியில் இந்தச் சாலையை மூடும்படி உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. வடக்கே ராங்கத், மாயாபந்தர், திக்லிபூர் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இதுவே உயிர்நாடி என்பது நிர்வாகத்தின் வாதம். அதை லேசில் ஒதுக்கிவிட முடியாது. தலைநகரிலுள்ள ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு போக வேண்டிய குடும்பத்துக்கு, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இந்தச் சாலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஆனால் வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கும் சைக்கிள் ஓட்டப் போகிறவருக்கும் அந்த நியாயம் பொருந்தாது. அவர்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அந்தமானில் நல்லெண்ணத்தின் வரலாறு துயரமானது. பிரிட்டிஷார் 1858இல் இங்கே கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது கிரேட் அந்தமானியர் என்று அழைக்கப்படும் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறும் துணியும் கூரையும் கொடுத்து ‘நாகரிகப்படுத்த’ 1863இல் ஒரு பாதிரியாரின் பொறுப்பில் ‘அந்தமான் இல்லம்’ தொடங்கப்பட்டது. இல்லம் கொடுத்தவற்றோடு நோய்களும் வந்தன. மேகநோய், நிமோனியா, 1877இல் தட்டம்மை. 1901 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 625 பேர். 1961இல் 19 பேர். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். அவரோடு அந்த மொழியும் போயிற்று.

சுதந்திர இந்தியாவும் கையில் பரிசோடுதான் போனது. 1974இல் ஜாரவாக்கள் முதல்முறையாக அரசுக் குழுவின் பரிசுகளை நேரில் வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் தேங்காய், வாழைப்பழம், சிவப்புத் துணியோடு படகுகள் மேற்குக் கரைக்குப் போய் வந்தன. முக்கியப் பிரமுகர்களும் கூடப் போய் வந்தார்கள். 1996இல் கால் எலும்பு முறிந்து கிடந்த ஒரு ஜாரவா இளைஞனை எடுத்து வந்து, தலைநகரில் சில மாதம் சிகிச்சை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். செய்தே ஆக வேண்டிய உதவி அது. மறு ஆண்டு ஜாரவாக்கள் தாமாகவே வில் அம்பு இல்லாமல் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2006இல் மீண்டும் பரவியது. 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாரவா கொள்கையின் சாரம் இதுதான்: அவர்களுக்கு முழுச் சுதந்திரம், நம்முடைய தலையீடு முடிந்தவரை குறைவு.

கொள்கை காகிதத்தில் இருக்க, சாலையில் வேறு கதை நடந்தது. ஓடும் வேனிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டும் வாழைப்பழமும் எறியப்பட்டன. உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆட வைக்கும் வீடியோவை 2012 ஜனவரியில் லண்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டபோது நாடே தலைகுனிந்தது. பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டவிதிகள் அதே 2012இல் கடுமையாக்கப்பட்டன. இப்போது மீறினால் சிறை. ஆனாலும் கொடுக்கும் ஆசை தீரவில்லை. வெளியார் யாருமே நெருங்கக் கூடாத வடக்கு சென்டினல் தீவுக்கு 2025 மார்ச்சில் ஒரு அமெரிக்கர் ரகசியமாகப் படகோட்டிப் போனார். கரையில் அவர் வைத்துவிட்டு வந்த காணிக்கை, ஒரு தேங்காயும் ஒரு குளிர்பான டப்பாவும். கைது செய்யப்பட்டார்.

எறிந்தவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல. ‘பாவம், பசிக்குமே’ என்று நினைத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். யாசகம் தெரியாதவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பாக்கெட்டுகள்தான். காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த சிறுவன், சாலையோரம் வேனுக்காகக் காத்திருக்கப் பழகினான். வண்டியிலிருப்பவருக்குச் சாதாரண ஜலதோஷமாக இருப்பது, அந்த நோயையே பார்த்திராத உடம்புக்கு ஆபத்தாகலாம் என்பது எறிந்தவருக்குத் தெரியாது.

ஆகவே, கான்வாயில் போகும் சைக்கிள் குழு ஒரே ஒரு காரியத்தைத்தான் சரியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒன்பது பேர் கைகட்டி உட்கார்ந்து, ஒருவர் ஜன்னலைத் திறந்தால் போதும். முந்தைய நாள் இரவே இதைப் பேசிவிட வேண்டும். கேமராவும் போனும் பைக்குள் போக வேண்டும். தின்பண்டம் வெளியே தெரியக் கூடாது. சாலையோரத்தில் யாராவது நின்றால், முறைத்துப் பார்க்காமல் போக வேண்டும். நம் தெருவில் வேன் வேனாக வந்து வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இது கஷ்டமில்லை.

காடு முடியும் இடம் நடு நீரிணை. சதுப்புநிலக் காடுகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர். அடுத்த கரை பாராடாங். சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகைகளும் இங்கேதான். எரிமலை என்றதும் நெருப்பை எதிர்பார்க்க வேண்டாம். மண் கொப்புளித்து, குமிழி விட்டு, காய்ந்து வெடிக்கிறது. பாராடாங்குக்கும் நடு அந்தமானுக்கும் இடையிலுள்ள ஹம்ப்ரி நீரிணையில் இப்போது பாலம் இருக்கிறது. காப்பகத்தின் எல்லை நடு அந்தமானிலும் நீள்வதால், சைக்கிளை எங்கே இறக்கலாம் என்பதைப் போலீஸ்தான் சொல்ல வேண்டும். பாலத்தைப் பார்த்ததும் பரபரப்பாக இறக்கிவிடக் கூடாது.

அதன் பிறகு சாலை மீண்டும் சைக்கிள்காரர்களுடையது. ராங்கத், அங்கிருந்து சுமார் 70 கி.மீ. தாண்டி மாயாபந்தர், அதற்கு அப்பால் திக்லிபூர். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளை 1949 முதல் அரசு இந்தத் தீவுகளில் குடியேற்றியது. காட்டைத் திருத்தி நெல் விளைவித்தவர்கள் அவர்கள். மரம் வெட்ட ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஆதிவாசிகள் இன்னொரு பிரிவினர். மாயாபந்தருக்கு அருகே வேபியில் 1925இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரென் மக்கள். நடுநடுவே தமிழ், தெலுங்கு, மலையாளக் குரல்கள். எல்லோருக்கும் பொது மொழி, தீவுக்கே உரிய ஒருவகை இந்தி. மதியம் மீன் குழம்பும் சோறும் எந்த ஊரிலும் கிடைக்கும். கடற்கரைகள் அழகானவை. ஆனால் கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் காலை நனைக்காமல் இருப்பது நல்லது.

இங்கே கொடுக்கலாம், வாங்கலாம். பள்ளிக்கூடத்தில் நின்று பேசலாம். டீக்கடையில் நாலு காசு செலவு செய்யலாம், உள்ளூர் லாரியையும் விடுதியையும் அமர்த்தலாம். எது தேவை என்று கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தீவுகள் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இன்னொரு உதாரணம் கண்டன.

அன்று சுனாமியில் இந்த யூனியன் பிரதேசத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 3,500 பேருக்கு மேல். பெரும்பாலோர் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்தவர்கள். பூமியே சாய்ந்தது. தெற்குக் கோடியில் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. நாடெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. அதில் உயிர் காத்தது நிறைய. ஆனால் தூண்களின் மேல் கூரை வேய்ந்து, காற்றோட்டமான குடிசைகளில் பெரிய கூட்டுக் குடும்பங்களாக வாழ்ந்த நிக்கோபாரிகளுக்குக் கிடைத்தது வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகை. பிறகு கட்டித் தரப்பட்ட வீடுகளும் சிறிய குடும்பத்தை மனதில் வைத்து வரிசையாகக் கட்டப்பட்டவை. தமிழ்நாட்டிலும் நாகப்பட்டினம் பக்கம், யாரும் சீண்டாத பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்ததை அப்போது போனவர்கள் பார்த்தார்கள். கொடுத்தவர் மனம் நிறைந்தது. வாங்கியவருக்கு அது இன்னொரு குப்பை.

நிக்கோபாருக்கு சைக்கிள் குழு போக முடியாது. அதுவும் பழங்குடியினர் பகுதி, அனுமதி வேண்டும். ஆனால் நிக்கோபாரிலிருந்து சைக்கிள் வெளியே வந்திருக்கிறது. கார் நிக்கோபார் ஏறக்குறைய சமதளமான தீவு. சைக்கிளுக்கென்றே அமைந்தது போல. அந்தத் தீவுகளைச் சேர்ந்த டெபோரா ஹெரால்ட் சுனாமியின்போது 9 வயதுச் சிறுமி. மரத்தின் மேல் ஐந்து நாள் தாக்குப்பிடித்துத் தப்பினார். பின்னாளில் சைக்கிள் ஓட்டப் பந்தயத்தில் இந்தியாவின் முன்னணி வீராங்கனையானார். நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில், ‘கீரின்’ என்ற பந்தயத்தில் வெள்ளி வென்றார். மோட்டார் வண்டியின் பின்னால் சில சுற்று ஓட்டி, அது விலகியதும் உயிரைக் கொடுத்து மிதிக்கும் பந்தயம் அது. உலக சைக்கிள் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

அவர்களுக்குக் கிடைத்தவை பயிற்சி, ஓடுபாதை, நல்ல சைக்கிள், கண்டிப்பான பயிற்சியாளர்கள். வேனிலிருந்து எறியக்கூடிய பொருள் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களை சைக்கிள் ஓட்டக் கற்கவைத்தபோதும் இதுதான் நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அந்த முயற்சிக்கு முன்னின்றார். வீட்டு ஆண்களை எதிர்பார்க்காமல் சந்தைக்கும் வகுப்புக்கும் பெண்கள் தாங்களே போய் வந்தார்கள். அங்கே சைக்கிள் யாருடைய தர்மத்தையும் சுமந்து வரவில்லை. அதை வேண்டியவர்கள் தாங்களே ஓட்டினார்கள்.

இதையெல்லாம் யோசிக்கும் குழுவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தலைநகரிலிருந்து ராங்கத் பக்கம் போகும் அரசுப் படகுகள் உண்டு. ஸ்வராஜ் த்வீப் என்று இப்போது அழைக்கப்படும் ஹேவ்லாக் தீவையும் லாங் தீவையும் தொட்டுக்கொண்டு போகலாம். சைக்கிளைப் படகில் ஏற்றி, ஜாரவா காட்டைத் தொடாமலே நடு அந்தமான் சேர்ந்து, அங்கிருந்து வடக்கே மிதிக்கலாம். வரைபடத்தில் கோடு பாதியில் கடலுக்குள் போய் வரும். கிலோமீட்டர் குறையும். ‘முழுச் சாலையும் ஓட்டினோம்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. கிலோமீட்டர் கணக்கில் பணம் தருவதாகச் சொன்ன நண்பரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சொல்லலாம். கான்வாயிலேயே போனவர்களும் சொல்லத்தான் வேண்டும். திக்லிபூரில் சாலை முடிகிறது. அருகே 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரம், அந்தமானிலேயே உயரமானது. காளிப்பூர் கரையில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறப்பவர், 330 என்று எழுதும் இடத்தில் 281 என்றோ அதற்கும் குறைவாகவோதான் எழுத முடியும். மிச்சம் 49 கி.மீ. ஜாரவாக்களுடையது. அதை அப்படியே அவர்களிடம் விட்டுவிட்டு வந்தோம் என்று பணம் தந்தவர்களிடம் சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.